செறிப்பு என்னும் காவல்
இணையக் காலத்தில் இல்லறத்தார் கற்க வேண்டிய பாடம்



நம் தத்துவ நூல்கள், வினை உயிரை வந்தடையும் வழியை 'ஊற்று' என்று குறிக்கும். அவ்வழியை அடைப்பதைச் 'செறிப்பு' என்று குறிக்கும். வடமொழியில் இவை ஆஸ்ரவம், சம்வரம் எனப்படும். ஓடத்தில் துளை இருந்தால் நீர் உள்ளே புகும். புகுந்த நீரை இறைத்துக்கொண்டே இருப்பதால் ஓடம் கரை சேராது. முதலில் துளையை அடைத்தல் வேண்டும் என்று பெரியோர் விளக்குவர். இவ்விளக்கத்தை இளமையிலேயே கேட்டு வளர்ந்த நாம், இன்று நம் கையிலிருக்கும் செல்பேசிக்கும் அதைப் பொருத்திப் பார்க்க வேண்டியவர்களாக இருக்கிறோம்.

வங்கிக் கணக்கு, நியாயவிலைக் கடை, ஓய்வூதியம், பயிர்க் காப்பீடு, பேரப்பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகிய அனைத்தும் செல்பேசி வழியே நடைபெறுகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் பணியாற்ற, சிற்றூர் வீடுகளில் முதியோர் தனித்து வாழ்கின்றனர். வாழ்நாள் முழுவதும் சேர்த்த பொருள் ஒரே பிற்பகலில் பறிபோகக்கூடும். பொருள் போனதைக் காட்டிலும், 'ஏமாந்து போனோமே' என்ற நாணத்தால் எவரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் நைந்துபோவது பெருந்துன்பம். அத்துன்பம் நம் இல்லங்களுக்கு நேராதிருக்க வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

1. தன்விவரமும் உடைமையே

வீடு, நிலம், பொன் ஆகியவற்றை உடைமை என்று அறிவோம். நம் பெயர், பிறந்த நாள், பன்னிரண்டு இலக்க ஆதார் எண், செல்பேசி எண், வங்கிக் கணக்கு எண், கைரேகை, முகத்தின் படம், நிலத்தின் பட்டா எண் ஆகியவையும் இன்று உடைமைகளே. பொன்னைக் களவு கொடுத்தால் பெட்டி வெறுமையாகும்; உடனே தெரிந்துவிடும். தன்விவரம் களவு போனாலோ அது நம்மிடமும் இருக்கும், கள்வனிடமும் இருக்கும். ஆகவே களவு நடந்ததே பல மாதங்கள் தெரியாமற் போகும்.

கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர். கி.பி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்கள் அம்மலைச் சரிவில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பல உள்ளன. உருவத்தைச் செய்வித்தவர் பெயர், அவர் ஊர், சிலவிடங்களில் அவர் தொழில், அவருடைய ஆசிரியர் பெயர் ஆகியவை அவற்றில் காணப்படுகின்றன. குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவற்றுள் இடம்பெற்றிருக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவரும் படிக்கும்படி அவர்கள் தம் பெயரைக் கல்லில் பொறிக்கச் செய்தனர். ஆயினும், தாம் வெளியிட விரும்பியதை மட்டுமே, விரும்பிய காரியத்திற்காக மட்டுமே பொறிக்கச் செய்தனர் என்பதைக் கருத வேண்டும். தம் வீட்டுப் பேழையின் பூட்டு எத்தகையது என்பதை ஒருவரும் மலையில் எழுதிவைக்கவில்லை. எதை வெளியிடுவது, எதைக் காப்பது என்பதை உடையவரே முடிவு செய்தல் வேண்டும். இன்றைய சட்டம் 'சம்மதம்' என்று கூறுவதன் உட்பொருள் இதுவே.

இனி இன்றைய நடைமுறையைப் பார்ப்போம். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களின் கரிசல் காட்டில் மானாவாரியாக உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி பயிரிடுவோர், ஆண்டுதோறும் பயிர்க் காப்பீட்டுக்காக அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றைத் தருகின்றனர். கூட்டம் மிகுந்த வேளையில் இந்நகல்கள் ஜெராக்ஸ் கடை மேசையில் கிடக்கும். அல்லது படமெடுத்து யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பப்பெறும். காரியம் முடிந்ததும் அப்படம் என்னவாயிற்று என்று நாம் கேட்பதில்லை. நகலில் 'இன்ன காரியத்திற்காக, இன்ன நாளில் தரப்பட்டது' என்று குறுக்கே எழுதிக் கையொப்பமிட்டுத் தருவதும், கடைக் கணினியில் உள்ள படத்தை நம் கண்முன் அழிக்கச் சொல்வதும், தவறாக அச்சான நகலைக் கிழித்து எடுத்து வருவதும் ஒரு நிமிடப் பணிகளே.

2. இரு நிகழ்ச்சிகள்

முதல் நிகழ்ச்சி 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் லூதியானா நகரில் நிகழ்ந்தது. பஞ்சாலைத் தொழிலில் புகழ்பெற்ற வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்றவர். அப்போது எண்பது வயதைக் கடந்தவர். சி.பி.ஐ. அதிகாரிகள் என்று கூறிக்கொண்டோர் அவரை அழைத்து, கறுப்புப் பண வழக்கு ஒன்றில் அவர் பெயர் சேர்ந்துள்ளதாக அச்சுறுத்தினர். காணொளி அழைப்பை அணைக்கவிடாமல், உறங்கும் நேரத்திலும் கண்காணித்தனர். உச்ச நீதிமன்ற விசாரணை என்று ஒரு பொய்க் காட்சியையும் நடத்திக் காட்டினர். தலைமை நீதிபதி போலவே ஒருவன் பேசினான். முத்திரையிட்ட பொய் ஆணையும் அனுப்பினர். இதைப் பிறரிடம் சொன்னால் சிறை என்றும் அச்சுறுத்தினர். அவர் ரூ. 7 கோடியை அவர்கள் சொன்ன கணக்குகளுக்கு அனுப்பினார். பின்னர் காவல்துறையில் விரைந்து முறையிட்டதால் ரூ. 5 கோடிக்கு மேல் மீட்கப்பட்டது. நாணி மறைக்காமல் தமக்கு நேர்ந்ததை அவரே வெளிப்படையாக எடுத்துரைத்ததால்தான் நாடு விழிப்படைந்தது. அது பாராட்டத்தக்க தொண்டு.

இவ்வாறான மோசடிக்கு 'டிஜிட்டல் கைது' என்று பெயர் வழங்குகிறது. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே இல்லை. காணொளி அழைப்பில் எவரையும் கைது செய்யும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் இல்லை. ஹரியானா மாநிலம் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியர், உச்ச நீதிமன்றத்தின் பெயரால் புனையப்பட்ட ஆணைகளைக் கண்டு அஞ்சி, ரூ. 1 கோடிக்கு மேல் இழந்தனர். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதனைத் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரில் இத்தகைய மோசடிகளை விசாரிக்கும்படி சி.பி.ஐ.க்கு ஆணையிட்டது.

இரண்டாம் நிகழ்ச்சி நம் தமிழகத்திலேயே நிகழ்ந்தது. உழவர்களுக்கு ஆண்டுக்கு ரூ. 6,000 வழங்கும் பிரதமர் கிசான் திட்டத்தில், தகுதியற்ற பலர் சேர்க்கப்பட்டிருந்தமை 2020 ஆகஸ்டில் வெளிப்பட்டது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களில், அதாவது நம் மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளிலேயே, இது பெருமளவில் நடந்திருந்தது. தகுதியற்றோர் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் என்றும், தொகை சுமார் ரூ. 110 கோடி என்றும் அரசு அறிவித்தது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடைபெற்றது. வேளாண் அலுவலர்களுக்குரிய கடவுச்சொற்கள் தரகர்களிடமும் கணினி மையங்களிடமும் சென்று சேர்ந்திருந்தன என்பதே இதன் அடிப்படை. பூட்டு உடைக்கப்படவில்லை, சாவி கைமாறியது.

முதல் நிகழ்ச்சியில் அச்சம் வாயிலாயிற்று. இரண்டாவதில் 'இதனால் என்ன கெட்டுவிடும்' என்ற கவனமின்மையும், எளிதில் கிடைக்கும் பணத்தின்மீது ஆசையும் வாயிலாயின. கள்வர் எத்தனை புதிய வேடம் புனைந்தாலும் அச்சம், ஆசை, அவசரம் என்னும் இம்மூன்றின் வழியாகவே நுழைகின்றனர். 'இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும்' என்ற குறுஞ்செய்தி அச்சம். 'வீட்டிலிருந்தே நாளொன்றுக்கு ஐயாயிரம்' என்பது ஆசை. 'பத்து நிமிடத்திற்குள் எண்ணைச் சொல்லாவிட்டால் கணக்கு முடங்கும்' என்பது அவசரம். நற்காட்சி உடையார் ஏழு வகை அச்சங்களையும் நீங்கியவர் என்பது நம் கொள்கை. காப்பில்லையே என்று நடுங்கும் 'அகுப்தி' அச்சம் அவற்றுள் ஒன்று. வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரத்து மண்ணில் நின்று சொல்வதானால், மெய்யான அதிகாரத்திற்கே அஞ்சாதவர் வாழ்ந்த நாட்டில் பொய்யான அதிகாரத்திற்கு நாம் அஞ்சுதல் தகாது.

3. மெய்ம்மை விரதமும் மறைகாத்தலும்

நம் முதியோர் சிலருக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. 'கேட்பவரிடம் உண்மையைச் சொல்லாமல் மறைப்பது பொய்யாமை விரதத்திற்குக் குற்றமாகாதா?' என்பர். இது நல்ல மனத்தில் பிறக்கும் ஐயம். ஆனால் இதற்கு விடை நூல்களிலேயே உள்ளது.

பொய் கூறுதல் வேறு, கூறாதிருத்தல் வேறு. வாக்கைக் காத்தல் முக்குத்திகளுள் ஒன்று. பிறருக்குக் கேடு விளைவிக்குமாயின் உண்மையையும் உரைத்தலாகாது என்று சமந்தபத்திரர் இல்லறத்தாரின் மெய்ம்மை விரதத்திற்கு இலக்கணம் வகுத்தார். ஆகவே கேட்பவன் யாரென அறியாதபோது, 'சொல்ல இயலாது' என்று கூறி அழைப்பைத் துண்டிப்பது விரதத்திற்கு உடன்பாடானதே.

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், ஒவ்வோர் அணுவிரதத்திற்கும் ஐந்தைந்து அதிசாரங்களை, அதாவது குறைபாடுகளை, எடுத்துரைக்கிறது. மெய்ம்மை விரதத்தின் குறைபாடுகளுள் பிறருடைய மறைச்செய்தியை வெளிப்படுத்துதல், பொய் ஆவணம் எழுதுதல், நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல் ஆகியவை அடங்கும். கள்ளாமை விரதத்தின் குறைபாடுகளுள் பிறரைக் களவுக்கு ஏவுதலும், களவாடிய பொருளைப் பெறுதலும் அடங்கும். இவற்றை இன்றைய வாழ்க்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நாம் ஏமாறாதிருப்பது மட்டும் போதாது, நம்மால் பிறர் ஏமாறாதிருப்பதும் கடமை என்பது விளங்கும்.

திருமணத்திற்குரிய பிள்ளைகளின் ஜாதகம், பிறந்த நாள், ஊதியம், புகைப்படம், தொலைபேசி எண் ஆகியவற்றை நாம் வாட்ஸ்அப் குழுக்களில் தாராளமாக அனுப்புகிறோம். அவை நம்மிடம் அடைக்கலமாகத் தரப்பட்டவை. கேட்ட ஒரு குடும்பத்திற்கு மட்டும் அனுப்புவதும், காரியம் முடிந்தபின் அழித்துவிடுவதும் அடைக்கலம் காப்பதாகும். சமூக விவரக் கையேடு வெளியிடுவோர், பிறந்த நாளையும் வீட்டு முகவரியையும் அச்சிடுமுன் உரியவரின் சம்மதத்தை எழுத்தில் பெறுதல் நன்று. யாத்திரை செல்லும் குடும்பத்தினர், வீடு பூட்டிக் கிடக்கும் செய்தியை அன்றாடம் படங்களாக அறிவிக்க வேண்டியதில்லை. திரும்பி வந்தபின் வெளியிடலாம். சிற்றூர்ச் சினாலயங்களின் செப்புத் திருமேனிகளைப் படமெடுத்து, அவை இருக்கும் இடத்தோடும் காவல் நிலையோடும் வெளியிடுவதையும் தவிர்த்தல் வேண்டும்.

இளைஞர்கள் ஒன்றைச் சிறப்பாகக் கருத வேண்டும். 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் பயன்படுத்தத் தா. பங்கு தருகிறேன்' என்று கூறுவோர் உளர். மோசடிப் பணம் இத்தகைய வாடகைக் கணக்குகள் வழியாகவே கைமாறுகிறது. தானே திருடவில்லை என்று சொல்லித் தப்ப இயலாது. சட்டமும் விடாது, வினையும் விடாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நமக்குப் புதிதன்று. வெளிநாட்டில் கணினி வேலை என்ற ஆசைச் சொல்லை நம்பிச் சென்ற தமிழ் இளைஞர்கள், 2022-ஆம் ஆண்டில் மியான்மரின் மியாவாடிப் பகுதியில் சிறைப்பட்டுப் பிறரை ஏமாற்றும் பணியில் வலிந்து ஈடுபடுத்தப்பட்டனர்; அவர்களுள் சிலர் மீட்கப்பட்டுத் தாயகம் திரும்பினர். மறுமுனையில் பேசுபவனும் ஒரு கைதியாக இருக்கக்கூடும். ஆகவே சினந்து வசைபாடுவதில் பயனில்லை; அமைதியாக அழைப்பைத் துண்டித்தலே போதும்.

4. முக்குத்தி: அன்றாடப் பயிற்சி

மனம், வாக்கு, உடல் ஆகிய மூன்றையும் காத்தல் முக்குத்தி. இம்முறையிலேயே பயிற்சியை வகுத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

மனக்காப்பு: அச்சமோ ஆசையோ அவசரமோ எழுப்பும் செய்தி எது வந்தாலும், முதலில் செல்பேசியைக் கீழே வைக்க வேண்டும். பஞ்ச மந்திரத்தை ஒருமுறை ஓதும் நேரம் பொறுத்து, பின்னர் வீட்டாரிடமோ நம்பத்தக்க ஒருவரிடமோ கூறுதல் வேண்டும். 'எவரிடமும் சொல்லாதே' என்று ஒருவன் கட்டளையிட்டால், அதுவே அவன் கள்வன் என்பதற்குச் சான்று.

வாக்குக்காப்பு: செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும், வங்கியின் இரகசிய எண்ணையும், கடவுச்சொல்லையும் எவரிடமும் கூறலாகாது. வங்கி அலுவலர் அவற்றைக் கேட்பதில்லை. வாட்ஸ்அப்பின் ஆறிலக்க எண்ணைத் தவறுதலாக உமக்கு அனுப்பிவிட்டேன் என்று உறவினர் பெயரிலேயே செய்தி வந்தாலும் தரக்கூடாது. தந்தால் உமது வாட்ஸ்அப் அவன் கைக்குப் போய்விடும். ஐயமிருப்பின், அழைத்த எண்ணுக்கே திருப்பி அழைக்காமல், வங்கிப் புத்தகத்திலோ அட்டையின் பின்புறத்திலோ அச்சிட்டுள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டும். பேரன் குரலில் பணம் கேட்டாலும் இதுவே முறை. இன்று கணினி கொண்டு ஒருவர் குரலைப் போலவே குரல் செய்ய இயலும். குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்னரே வகுத்துக்கொண்டால், அவசர காலத்தில் அதைக் கேட்டு உறுதி செய்யலாம்.

உடற்காப்பு: இங்கு உடல் என்பது நம் விரல்களைக் குறிக்கும். அறியாத இணைப்பைத் தொடலாகாது. திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், உழவர் உதவித்தொகை எனப் பல பெயர்களில் 'ஏ.பி.கே.' என முடியும் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அவற்றைத் திறந்து நிறுவினால் நம் குறுஞ்செய்திகளை அயலான் படிக்கக்கூடும். செல்பேசித் திரையைப் பிறர் காணச் செய்யும் செயலியை, பிறர் சொற்கேட்டு நிறுவக்கூடாது. பணம் அனுப்புவதற்கே யு.பி.ஐ. இரகசிய எண் தேவை. பணம் பெறுவதற்குத் தேவையில்லை. 'பணம் வர எண்ணை அழுத்துங்கள்' என்றால் அது பொய்யே.

வீட்டிலுள்ள இளையோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்ந்து, பெரியோருக்காகப் பின்வரும் நான்கையும் செய்து தரலாம். வாட்ஸ்அப்பில் இருபடிச் சரிபார்ப்பை அமைத்தல். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் கைரேகை முதலிய உடற்குறிகளைப் பூட்டுதல், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். இறுதி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கி, ஏற்கும் இடங்களில் அதையே பயன்படுத்துதல். அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில், தம் பெயரில் எத்தனை சிம் இணைப்புகள் உள்ளன என்று பார்த்தல். அறியாத இணைப்பு இருப்பின் அங்கேயே முறையிடலாம்.

5. இழப்பு நேர்ந்துவிட்டால்

முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைத்தல். பறித்த பணத்தைக் கள்வர் பல கணக்குகளுக்கு விரைந்து மாற்றுவர். அது கையை விட்டுப் போகுமுன் வங்கிகள் அதனை முடக்கி வைக்க இவ்வெண்ணே வழி. அடுத்து நம் வங்கிக்கு அறிவித்துக் கணக்கையும் அட்டையையும் நிறுத்தச் செய்தல். பின்னர் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ காவல் நிலையத்திலோ எழுத்தில் முறையிடல். குறுஞ்செய்தி, அழைப்பு எண், பணம் சென்ற விவரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று பின்னர் கட்டணம் கேட்டு வருபவனும் கள்வனே.

வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள். ஏமாந்தவரை அன்று கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்துரைத்தால் அவர் அடுத்த முறை சொல்லவே மாட்டார். அந்த மௌனமே கள்வனுக்குத் துணை. சுடுசொல்லும் கொல்லாமைக்கு மாறானதே.

6. சட்டம் தரும் காப்பு

ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு பிறருடைய கடவுச்சொல், அடையாளம் ஆகியவற்றை மோசடியாகப் பயன்படுத்துவோருக்கும், 66டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்கின்றன. 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் வகையில் அவை அமைந்துள்ளன. நம்மைப் பற்றிய விவரத்தைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையையும், பதினெட்டு வயது நிரம்பாதோர் விவரத்திற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் இச்சட்டம் வகுத்துள்ளது. ஆயினும் சட்டம் பெரும்பாலும் இழப்புக்குப் பின்னரே வந்து சேரும். செறிப்பு முன்னரே காக்கும்.

7. குடும்பத்தோடு சிந்திக்க

அ. நம் வீட்டு ஆதார் நகல்கள் இப்போது எவரெவரிடம் உள்ளன?
ஆ. நம் வீட்டுச் செல்பேசிகளில் பிறர் குடும்பத்து ஜாதகங்களும் படங்களும் எத்தனை உள்ளன? அவற்றை அழிக்கலாமா?
இ. 'கைது செய்யப் போகிறோம்' என்று காணொளி அழைப்பு வந்தால் தாத்தா, பாட்டி முதலில் யாரிடம் கூறுவர்? அவருடைய எண் சுவரில் எழுதப்பட்டுள்ளதா?
ஈ. 1930 என்ற எண் வீட்டில் அனைவர்க்கும் மனப்பாடமா?

உணவு, மருந்து, கல்வி, அபயம் ஆகிய நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர். இப்பாடத்தைக் கற்றவர், அதைத் தனித்து வாழும் அண்டை வீட்டு முதியவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தால், கல்வித் தானமும் அபயதானமும் ஒருங்கே செய்தவராவர். இவ்விதழைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் ஒருவருக்கேனும் அவ்வாறு கற்பிக்குமாக.

அறம் வளர்க! அருகன் அடி போற்றி!